'பாப்ரிகா' படத்தை எந்த வரிசையில் பார்ப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

சடோஷி கோன் இயக்கத்தில், மேட்ஹவுஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஜப்பானிய அனிமேஷன் படம் 'பாப்ரிகா'. முதன்முறை பார்ப்பவர்களோடு இதைப் பார்க்கும்போதெல்லாம், படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே "இது கனவா, நிஜமா?" என்ற கேள்வி எழுவதைக் கவனித்திருக்கிறேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு காட்சியிலும் விடை தேடிக் களைத்துப்போய், பாதியில் கதையையும் விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் படத்தின் பொருள், திரையில் தோன்றும் விசித்திரமான உருவங்களைக் காட்டிலும், ஓர் இடம் இன்னோர் இடமாக மாறும் இணைப்புகளில் அதிகம் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த இணைப்புகளைப் பார்க்கக் கண் பழகுவதற்கு ஒரு வரிசை வேண்டும். கீழே உள்ள முதல் நான்கு பகுதிகளைப் படத்துக்கு முன்பும், மற்றவற்றைப் படம் பார்த்த பின்பும் படிக்கவும். ஐந்தாம் பகுதியிலிருந்து கதை முழுவதும் வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

1. தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

படம் 90 நிமிடம் ஓடும். அந்த நேரம் முழுவதும் இடையூறு இல்லாமல் கிடைக்கும் நாளில் மட்டும் தொடங்கவும். ஒரு காட்சியில் ஓரமாக வந்துபோன பொருள், நாற்பது நிமிடம் கழித்து வேறு உருவத்தில் நடுவில் வந்து நிற்கும் வகையில் படம் அமைக்கப்பட்டிருப்பதால், இரண்டு நாட்களாகப் பிரித்துப் பார்ப்பவருக்கு அந்த நினைவுத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது.

ஜப்பானிய ஒலியையும் சப்டைட்டிலையும் தேர்ந்தெடுக்கவும். அட்சுகோ சிபா என்ற மனநல மருத்துவருக்கும் பாப்ரிகா என்ற கனவுப் பெண்ணுக்கும் மேகுமி ஹயாஷிபாரா என்ற ஒரே நடிகைதான் குரல் கொடுத்திருக்கிறார். ஒரே தொண்டையிலிருந்து இரண்டு மனிதர்கள் எப்படிப் பிரிகிறார்கள் என்பது இந்தப் படத்தின் முதன்மையான இன்பங்களில் ஒன்று.

கைபேசித் திரையில் பார்க்க வேண்டாம். சுவரொட்டிகள், கண்ணாடியில் விழும் பிம்பங்கள், கூட்டத்தில் நிற்கும் முகங்கள் ஆகியவற்றில் கதையின் பாதி நடக்கிறது. சிறிய திரையில் அவை வெறும் வண்ணப் புள்ளிகளாகிவிடும். நல்ல ஹெட்போன் இருந்தால் போதும், தனி ஒலிபெருக்கி தேவையில்லை.

அனிமேஷன் என்பதற்காகக் குழந்தைகளை உடன் வைத்துப் பார்ப்பது நான் அடிக்கடி காணும் தவறு. அமெரிக்காவில் இதற்கு, சிறுவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்னும் 'ஆர்' சான்றிதழ் வழங்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடல்மீது நிகழும் அத்துமீறலைக் காட்டும் ஒரு காட்சி பெரியவர்களையே கலங்க வைக்கக்கூடியது. யாரோடு பார்க்கிறோம் என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ளவும்.

2. முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியது எவ்வளவு

கதைச் சுருக்கம் முழுவதையும் படித்துவிட்டு உட்காருவதும் தவறு. ஒன்றுமே தெரியாமல் உட்காருவதும் பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. முதல் இருபது நிமிடங்களில் பல பெயர்கள் வேகமாக வந்து விழுவதால், ஜப்பானியப் பெயர்கள் பழகாதவர்கள் ஆட்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு கருவியையும் ஏழு பேரையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கருவியின் பெயர் டிசி மினி. தலையில் மாட்டிக்கொள்ளும் இந்தச் சிறு சாதனத்தின் மூலம் சிகிச்சையாளர் நோயாளியின் கனவுக்குள் நுழையலாம், அதைப் பதிவு செய்யலாம், திரையில் போட்டுப் பார்க்கலாம். கருவி இன்னும் முழுமை பெறவில்லை. யார் யாருடைய கனவுக்குள் நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் பூட்டு அதில் அமைக்கப்படவில்லை. அந்த நிலையில் அது திருடுபோகிறது.

டொகிடா அதை உருவாக்கியவர். பேருருவம், மேதை, சிறுபிள்ளை மனம். அட்சுகோ அதைப் பயன்படுத்தும் மருத்துவர். கனவுக்குள் அவர் எடுக்கும் உருவமே பாப்ரிகா. ஷிமா அவர்களுடைய மேலதிகாரி. இனுய் அவர்கள் பணிபுரியும் ஆய்வு நிறுவனத்தின் தலைவர். சக்கர நாற்காலியில் இருப்பவர். ஒசனாய் அட்சுகோவின் சக ஆய்வாளர். ஹிமுரோ டொகிடாவின் உதவியாளர். கொனகாவா ஒரு துப்பறியும் காவல் அதிகாரி. கனவுச் சிகிச்சைக்காக ரகசியமாகப் பாப்ரிகாவிடம் வருபவர். இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டாம்.

3. முதல் பத்து நிமிடங்களைப் பாடமாக எடுத்துக்கொள்ளுதல்

படம் தன்னைப் பார்க்கும் முறையைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறது. பலர் இந்தப் பகுதியை அறிமுகம் என்று நினைத்து மெத்தனமாகப் பார்ப்பதால்தான் பின்னால் தடுமாறுகிறார்கள்.

முதலில் வருவது கொனகாவாவின் கனவு. சர்க்கஸ் அரங்கில் யாரையோ கண்காணித்துக்கொண்டிருக்கும் அவர் திடீரென்று மேடையில் ஒரு கூண்டுக்குள் இருக்கிறார். அவரை நோக்கிப் பாய்ந்துவரும் கூட்டத்தில் எல்லோருக்கும் அவருடைய முகம். தரை விலகி விழுகிறார். விழுந்தவர் காட்டில் ஊஞ்சலாடுகிறார். பிறகு ரயிலில் யாரோ அவர் கழுத்தை நெரிக்கிறார்கள். கடைசியில் ஒரு நீண்ட நடைபாதையில் ஒருவர் சுடப்பட்டு விழ, கொலையாளி ஓடுகிறான், கொனகாவாவின் காலடியில் தரை அலையாக நெளிகிறது. இடம் ஒவ்வொரு முறை மாறும்போதும் உடலின் அசைவு மட்டும் அறுபடாமல் தொடர்வதைக் கவனிக்கவும். இடத்தை நம்பாதே, அசைவைப் பின்தொடர் என்பதே இங்கே கிடைக்கும் முதல் விதி.

கனவு முடிந்ததும் விடுதி அறையில் பாப்ரிகா அதே கனவை மடிக்கணினியில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி அவரிடம் கேள்வி கேட்கிறாள். கனவைத் திரும்பப் பார்த்தால்தான் அதில் ஒளிந்திருப்பது தெரியும் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. ஆகவே இந்தப் படத்தை ஒருமுறை பார்த்து முடித்துவிட்டதாக எண்ணக் கூடாது.

அடுத்து வரும் பெயர் வரிசையைத் தயவுசெய்து தாண்ட வேண்டாம். இணையத் தளங்களில் தொடக்கப் பெயர்களைத் தாண்டுவதற்கென்றே ஒரு பொத்தான் இருப்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பாப்ரிகா இரவு நகரத்தில் விளம்பரப் பலகைக்குள் புகுந்து, வேறு படங்கள் வழியாக வெளியேறி, ஒருவருடைய சட்டையில் அச்சிட்ட படமாகக்கூடப் பயணம் செய்து, இறுதியில் காரோட்டும் அட்சுகோவாக மாறுகிறாள். படத்தில் பணியாற்றியவர்களின் பெயர்களும் நகரத்தின் பரப்புகளின்மீதே ஒளியாக விழுகின்றன. படம் என்று எதைப் பார்த்தாலும் அது ஒரு கதவாக இருக்கலாம் என்ற இரண்டாம் விதி இங்கே நிறுவப்படுகிறது.

4. முதல் பார்வை: நிறுத்தாமல், பின்னோக்கி ஓட்டாமல்

புரியாத காட்சி வந்தவுடன் நிறுத்தி விளக்கம் தேடுவது இன்று எல்லோருக்கும் பழகிவிட்டது. இந்தப் படத்தில் அது பெரும் கேடு. வேகமே அதன் பொருளில் ஒரு பங்கு. பாத்திரங்கள் எந்த இடத்தில் தங்கள் பிடியை இழக்கிறார்களோ அதே இடத்தில் நாமும் இழக்க வேண்டும் என்று கணக்கிட்டே காட்சிகள் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

குழப்பம் வரும்போது "இது கனவா, நிஜமா?" என்று கேட்பதற்குப் பதில் "இது யாருடைய கனவு?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான காட்சிகளில் விடை உண்டு. விடை கிடைக்காத காட்சி வந்தால், ஒருவருடைய கனவுக்குள் இன்னொருவருடைய கனவு கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். கதையே அந்தக் கலப்பைப் பற்றியதுதான்.

குறிப்பேடும் வேண்டாம். கண்ணைத் திரையிலிருந்து எடுத்துக் காகிதத்தில் வைத்த அந்த நொடியில் ஓர் இணைப்பு கடந்துபோயிருக்கும்.

இங்கே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்க்கவும்.

5. கதையின் எலும்புகளைத் தனியே எழுதிப் பார்த்தல்

படம் முடிந்தவுடன் விளக்கக் காணொளிகளுக்குப் போகாமல், நடந்ததைக் காரணகாரிய வரிசையில் அரைப் பக்கம் எழுதவும். எழுதும்போதுதான் எதைப் புரிந்துகொண்டோம், எதை ஊகித்தோம் என்பது பிரிந்து தெரியும். இரண்டாம் பார்வைக்குக் கதை பற்றிய கவலை இல்லாமல் போவதற்கு இந்தப் பயிற்சி அவசியம்.

உங்கள் வரிசை ஏறத்தாழ இப்படி இருக்க வேண்டும். கருவிகள் திருடுபோகின்றன. ஷிமா விழித்திருக்கும்போதே பிதற்றத் தொடங்கி மாடி ஜன்னல் வழியே குதித்துவிடுகிறார்; உயிர் பிழைக்கிறார். அவருடைய மனத்துக்குள் வேறொருவரின் கனவு புகுத்தப்பட்டிருப்பது தெரியவர, சந்தேகம் ஹிமுரோமீது விழுகிறது. ஆனால் ஹிமுரோ ஏற்கெனவே தன்னையே இழந்த வெற்றுக் கூடாக மாறியிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒசனாயும், ஒசனாயின் பின்னால் தலைவர் இனுயும் இருக்கிறார்கள். இறுதியில் இனுயின் கனவு நகரத்தின்மீதே கவிகிறது.

அதிகம் பேர் செய்யும் பிழை, ஹிமுரோவையே வில்லனாகக் கருதிவிடுவது. திருட்டில் அவருக்குப் பங்குண்டு, டொகிடாமீது பொறாமையும் உண்டு. எனினும் அவர்தான் அந்தக் கருவியால் முதலில் அழிக்கப்பட்டவர்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: கருவியை மாட்டாதபோதும் விழித்திருப்பவர்களைக் கனவு எப்படித் தாக்குகிறது? உடல் ஒரு பொருளுக்கு மீண்டும் மீண்டும் ஆட்பட்டபின் அதற்குக் கடுமையாக எதிர்வினை காட்டுவதுபோல, டிசி மினியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவர்களின் மனம் திறந்துபோய்விடுகிறது என்ற கருத்தைப் படம் ஒரு சிறு உரையாடலில் சொல்லிக் கடந்துவிடுகிறது. வேகத்தில் அந்த வரிகளைத் தவறவிட்டவர்களுக்கு மீதிப் படம் தர்க்கமற்றதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

6. இரண்டாம் பார்வை: இணைப்புகளை மட்டும் குறித்தல்

இப்போது குறிப்பேட்டை எடுக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்து, எந்த இடத்திலிருந்து, எந்த இடத்துக்கு, எதைப் பிடித்துக்கொண்டு என்று எழுதவும். மூன்றாவது பத்திதான் முக்கியமானது. ஒரு காட்சி இன்னொன்றாக மாறும்போது ஏதேனும் ஒன்று மாறாமல் இரண்டிலும் நிற்கும்: ஓர் அசைவு, ஒரு வடிவம், ஒரு குரல், ஒரு பரப்பு. எது நிற்கிறது என்பதை அடையாளம் காணப் பழகினால், படத்தின் பெரும்பகுதி தானாகத் திறந்துகொள்ளும்.

குரலைப் பிடித்து மாறும் இணைப்புக்கு ஷிமாவின் காட்சியைப் பார்க்கவும். பொறுப்பான அதிகாரியின் தொனியில் பேசிக்கொண்டிருப்பவர், தொனி சிறிதும் மாறாமல், தவளைகளின் குழலும் மேளமும் அரசவைப் பெண்களின் நடனமும் என்று பேசத் தொடங்குகிறார். சொற்கள் கனவுக்குள் போய்விட்டன, குரல் மட்டும் அலுவலகத்திலேயே நிற்கிறது. எந்த வாக்கியத்தில் கோடு தாண்டப்படுகிறது என்று குறிக்க முயன்று பாருங்கள்.

அசைவைப் பிடித்து மாறும் இணைப்புக்கு ஹிமுரோவின் வீட்டில் நடக்கும் காட்சி மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அவருடைய நிழலைத் தேடிச் செல்லும் அட்சுகோ ஒரு கைவிடப்பட்ட பூங்காவுக்குள் வந்துவிடுகிறார். அங்கே உள்ள வேலி ஒன்றைத் தாண்டக் காலைத் தூக்குகிறார். மறுகணம் அவர் உயரமான குடியிருப்பின் மாடி முகப்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறார். கால் தூக்கிய அசைவு உண்மை, வேலிதான் பொய். இந்தக் காட்சியில் பார்வையாளருக்கும் எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. அட்சுகோ எந்த நொடியில் அறிகிறாரோ அதே நொடியில்தான் நாமும் அறிகிறோம்.

இதற்குக் காரணமான ஒரு தீர்மானத்தை இங்கே விளக்க வேண்டும். பல படங்களில் கனவு என்றால் திரை மங்கும், நிறம் வெளுக்கும், எதிரொலி கேட்கும். இந்தப் படத்தில் அத்தகைய அடையாளம் பெரும்பாலும் இல்லை. கனவும் நனவும் அதே கோடு, அதே கூர்மை, அதே நிழலோடு வரையப்பட்டிருக்கின்றன. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் கனவுக்காகச் செய்யப்படும் மாயம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அனிமேஷனில் மேசையும் வரைந்ததே, பறக்கும் மனிதனும் வரைந்ததே என்பதால் இரண்டுக்கும் தகுதி ஒன்றாகிவிடுகிறது. கோன் தம் படங்களுக்குரிய காட்சித் திட்ட ஓவியங்களை (ஸ்டோரிபோர்டு) தாமே வரைந்தவர். ஆகவே இணைப்புகள் படத்தொகுப்பு மேசையில் பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டவையாக இல்லாமல், முதல் கோடு போடும்போதே திட்டமிடப்பட்டவையாக இருக்கின்றன.

பரப்பைப் பிடித்து மாறும் இணைப்புகளையும் தனியே எண்ணுங்கள். ஜன்னல் கண்ணாடி, திரை, நிலைக்கண்ணாடி, சுவரில் மாட்டிய ஓவியம் ஆகிய தட்டையான பொருட்கள் எல்லாமே வாசல்களாகப் பயன்படுகின்றன. தொடக்கப் பெயர் வரிசையைத் தாண்டியவர்களுக்கு இது விளங்குவதில்லை.

இந்தக் கட்டத்தில் வரக்கூடிய பிழை, எல்லா இணைப்புகளையும் குறித்துவிட வேண்டும் என்ற ஆசை. பத்துப் பன்னிரண்டு போதும்.

7. கொனகாவாவின் கதையைத் தனி இழையாகப் பின்தொடர்தல்

திருட்டுக் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது கொனகாவாவின் பகுதி ஒரு கிளைக்கதைபோலத் தோன்றும். அதை மட்டும் பிரித்து, அவர் வரும் காட்சிகளை வரிசையாகப் பார்த்தால், படத்தின் இதயம் அங்கேதான் இருக்கிறது என்பது விளங்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அவர் தமக்குத் திரைப்படங்கள் பிடிக்காது என்கிறார். ஆனால் அவருடைய கனவோ முழுக்கத் திரைப்படங்களால் ஆனது: சர்க்கஸ், காட்டுச் சாகசம், ரயில் கொலை, காதல் காட்சி. இந்த முரணை முதலில் குறித்துக்கொள்ளவும். பிறகு, கனவுத் திரையரங்கில் அவர் பாப்ரிகாவுக்குப் படப்பிடிப்பின் அடிப்படைகளை விளக்கும் காட்சிக்கு வரவும். இருவர் பேசும்போது அவர்களுக்கிடையே உள்ள கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது என்பதையும், அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே கூர்மையில் தெரியும்படி எடுக்கும் முறையையும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஓர் இயக்குநரின் தோற்றத்தில் நின்று சொல்கிறார். திரைப்படத்தை வெறுப்பவருக்கு இவ்வளவு தெரிந்திருப்பது எப்படி?

17 வயதில் நண்பரோடு சேர்ந்து அவர் ஒரு படம் எடுக்கத் தொடங்கினார் என்பதும், அதைப் பாதியில் விட்டு விலகினார் என்பதும், திரைத்துறையைத் தொடர்ந்த அந்த நண்பர் பின்னாளில் நோயுற்று இறந்துவிட்டார் என்பதும் அடுத்தடுத்துத் தெரியவருகின்றன. நடைபாதையில் சுடப்பட்டு விழும் உருவத்தை அவர் விசாரிக்கும் கொலை வழக்கோடு மட்டும் சேர்த்துப் பார்த்தவர்கள், இப்போது அந்தக் காட்சியை மறுபடி பார்க்க வேண்டும். அவரை உறுத்துவது கொலையாளி தப்பியது மட்டுமன்று. மீதிக் கதை என்னவாயிற்று என்று அந்த நண்பர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும்தான்.

அவர் கணினி வழியே சென்று உட்காரும் மதுக்கூடத்தில் பணிபுரியும் இருவரின் குரல்களையும் கேளுங்கள். ஒருவருக்குக் குரல் கொடுத்தவர் மூல நாவலின் ஆசிரியர் யசுதாகா சுட்சுயி. மற்றவருக்குக் கோனே குரல் கொடுத்திருக்கிறார். கதையை எழுதியவரும் படமாக்கியவரும் மேசைக்கு அப்பால் நின்று, கைவிட்ட கதைக்குத் திரும்பிப் போகும்படி ஒரு மனிதரை மென்மையாக அனுப்பிவைக்கிறார்கள். இதை அறிந்தபின் அந்த மதுக்கூடக் காட்சிகளின் கனம் மாறிவிடுகிறது.

இந்த இழையின் முடிவு, திரையரங்க வாசலில் அவர் பெரியவர் சீட்டு ஒன்று கேட்பது. அதைப் படத்தின் கடைசிச் சிறு துணுக்காக எண்ணி எழுந்துவிடாதீர்கள். இரண்டு முடிவுகளில் இதுவே ஆழமானது.

8. ஊர்வலத்தை அணுகும் முறை

குளிர்பதனப் பெட்டிகள், இசைக்கும் தவளைகள், பொம்மைகள், கையசைக்கும் பூனைச் சிலைகள், கோயில் வாயில் வளைவுகள், சுதந்திர தேவி சிலை என்று எல்லாம் சேர்ந்து நடக்கும் அந்த ஊர்வலம்தான் இப்படத்தின் புகழ்பெற்ற காட்சி. புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவதும் இங்கேதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீட்டுப் பொருள் தேடப் புறப்பட்டுப் பட்டியலில் மூழ்கிவிடுகிறார்கள்.

பொருட்களைத் தனித்தனியே விளக்குவதை விட்டு, அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்று பாருங்கள். ஒருகாலத்தில் வணங்கப்பட்டவையும், வாங்கப்பட்டவையும், விளையாடப்பட்டவையும், பிறகு தூக்கி எறியப்பட்டவையும் எந்த வேறுபாடும் இன்றி ஒரே வரிசையில் வருகின்றன. கடவுளும் குளிர்பதனப் பெட்டியும் ஒரே தாளத்துக்கு நடப்பதுதான் அச்சம் தருவது; எந்தத் தெய்வம் எது என்பது இரண்டாம் நிலைச் செய்தி.

ஊர்வலத்தில் கேட்கும் பேச்சின் சப்டைட்டிலை ஒருமுறை படித்தால் போதும். இலக்கணம் சரியாக இருக்கும், தொனியில் உறுதி இருக்கும், பொருள் மட்டும் இராது. அடுத்த முறை எழுத்தைப் படிக்காமல் முகங்களைப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, ஊர்வலம் திரும்பத் திரும்ப வரும்போது யார் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிப்பது. முதலில் அது ஒரு மனத்துக்குள் நடக்கிறது. பிறகு இன்னொரு மனத்தைப் பிடிக்கிறது. கடைசியில் டோக்கியோ தெருக்களில் இறங்குகிறது. அலுவலக உடையணிந்தவர்கள் சிரித்த முகத்தோடு வரிசையாக மாடியிலிருந்து குதிக்கிறார்கள், சிலருடைய தலை இருக்க வேண்டிய இடத்தில் கைபேசி இருக்கிறது. பொருட்களின் ஊர்வலம் மனிதர்களின் ஊர்வலமாகும் அந்த நகர்வுதான் கதை.

9. அட்சுகோவும் பாப்ரிகாவும்

கறுத்த கூந்தலை இறுக முடிந்து, அளவாகப் பேசி, உணர்ச்சியைக் காட்டாமல் நடமாடுபவர் அட்சுகோ. சிவந்த குட்டை முடியும் துறுதுறுப்பும் கொண்டவள் பாப்ரிகா. ஒன்று உண்மை முகம், மற்றது வேடம் என்று முதல் பார்வையில் எண்ணத் தோன்றும். இரண்டாம் பார்வையில், அட்சுகோவின் அருகே கண்ணாடிப் பரப்பு வரும் இடங்களில் எல்லாம் அதில் யார் தெரிகிறார் என்று பார்க்கவும்.

இறுதிப் பகுதியில் அட்சுகோ, பாப்ரிகா தம்மில் ஒரு பகுதிதானே என்று கட்டளையிட, நீங்கள் என்னில் ஒரு பகுதி என்று எப்போதாவது நினைத்ததுண்டா என்று பாப்ரிகா திருப்பிக் கேட்கிறாள். இந்த வரியை அறிந்தபின் தொடக்கத்திலிருந்து பார்த்தால், வேடம் போட்டவர் யார் என்பதில் உங்களுக்கே ஐயம் வரும்.

முதல் பகுதியில் எச்சரித்த காட்சி, வண்ணத்துப்பூச்சிகள் குத்தி வைக்கப்பட்ட அறையில் நடப்பது. ஒசனாய் பாப்ரிகாவின் தோலைப் பிளந்து உள்ளிருக்கும் அட்சுகோவை எடுக்கிறார். சேகரிப்பாளரின் ஆசையை அன்பு என்று அழைக்கும் ஒருவரின் உள்ளத்தை இதைவிடக் கடுமையாகக் காட்ட முடியாது. பார்க்க இயலாதவர்கள் இரண்டாம் முறை இதைத் தாண்டிவிடலாம். முதல் முறையிலேயே கதைக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

படத்தின் பலவீனங்களும் இந்த இழையில்தான் தெரிகின்றன. டொகிடாவின் பருத்த உடல் அவர் மின்தூக்கியில் சிக்கிக்கொள்ளும் முதல் காட்சியிலிருந்தே சிரிப்புக்கு உரியதாக்கப்படுகிறது. அது எனக்கு ஏற்புடையதன்று. அட்சுகோவுக்கு அவர்மீது உள்ள அன்பு இறுதியில் திடீரென்று சொல்லப்படுவதாகப் பலர் குறைபடுகிறார்கள். அவர் வேறு யாரிடமும் காட்டாத கோபத்தை டொகிடாவிடம் மட்டும் காட்டுவதில் அதன் தடயங்கள் உள்ளன. எனினும் அவை மெல்லியவை, இன்னும் சில காட்சிகள் இருந்திருக்கலாம். ஒசனாய்க்கும் இனுய்க்கும் இடையிலான உறவும் போதிய நிதானமின்றி அவசரமாகக் கையாளப்பட்டிருக்கிறது.

10. கண்ணை மூடிக் கேட்டல்

சுசுமு ஹிராசாவாவின் இசைக்கென்று ஒரு பார்வையை ஒதுக்க முடியாவிட்டாலும், ஊர்வலக் காட்சியையும் தொடக்கப் பெயர் வரிசையையும் ஒருமுறை கண்ணை மூடிக் கேட்கவும். இந்த இசையில் வோகலாய்ட் என்ற குரல் தொகுப்பு மென்பொருளும் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. மனிதக் குரலும் கருவிக் குரலும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் கலப்பது, கதையில் நடப்பதையே காதுக்கும் செய்கிறது.

ஊர்வலம் வரும் ஒவ்வொரு முறையும் இசை முதலில் வருகிறதா, படம் முதலில் வருகிறதா என்று குறித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து கனவு நுழைகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

11. தொழில்நுட்பம் பற்றிய வாதத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுதல்

இதை முதலிலேயே எடுத்துக்கொண்டவர்கள், தொழில்நுட்பம் ஆபத்தானது என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடுகிறார்கள். இணைப்புகளையும் கொனகாவாவையும் பார்த்தபின் வந்தால், அந்த வரி போதாது என்பது தெளிவாகும். ஏனெனில் நகரத்தைக் குலைத்த அதே கருவிதான் கொனகாவாவைக் குணப்படுத்துகிறது.

இரண்டு மனிதர்களின் நிலைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். கனவு புனிதமானது, விஞ்ஞானம் அதற்குள் நுழையக் கூடாது என்று பேசும் இனுய், தாமே அந்தக் கருவியைக் கைப்பற்றி எல்லோருடைய கனவுக்கும் அதிபதியாக முயல்கிறார். செய்து பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே கருவி செய்த டொகிடா, பூட்டு வைக்காமல் விட்டுவிட்டார். விளைவைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்று அட்சுகோ கடிந்துகொள்கிறார். காவலன் என்று தன்னை அழைத்துக்கொண்டவரின் பேராசையும், படைத்தவரின் அக்கறையின்மையும் சேர்ந்தே அழிவைக் கொண்டுவருகின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

இணையமும் கனவும் ஒன்றுபோலத்தான், அடக்கி வைத்த மனம் வெளியே வரும் இடங்கள் அவை என்று பாப்ரிகா கொனகாவாவிடம் சொல்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ளவும். முதல் ஐபோன் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டின் படம் இது. ஊர்வலத்தில் கைபேசித் தலையோடு வருபவர்களை அந்த ஆண்டை நினைவில் வைத்துப் பாருங்கள்.

12. அடுத்துப் பார்க்க வேண்டியவை

கொனகாவா நிற்கும் திரையரங்கில் ஒட்டப்பட்டிருக்கும் சுவரொட்டிகளை நிறுத்திப் பார்க்கவும். கோனின் முந்தைய படங்களான 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997), 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' (2001), 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003) ஆகியவை அங்கே இருக்கின்றன. அவர் 2010 ஆகஸ்ட் மாதம் 46 வயதில் காலமானார். அடுத்து எடுத்துக்கொண்டிருந்த படம் முடிவுபெறவில்லை.

இந்த மூன்றில் 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' படத்தை முதலில் பார்ப்பது நல்லது. நினைவும் திரைப்படமும் கலக்கும் அந்தப் படத்தில் இணைப்புகளின் முறை இதே வகையைச் சேர்ந்தது, ஆனால் பின்தொடர எளிதானது. ஆறாம் பகுதியின் மூன்று பத்திக் குறிப்பை அங்கே பயன்படுத்தினால் கண் விரைவில் பழகும். 'பெர்ஃபெக்ட் ப்ளூ' வன்முறை மிகுந்தது என்பதால் அதற்கும் முதல் பகுதியின் எச்சரிக்கை பொருந்தும்.

சுட்சுயியின் 1993ஆம் ஆண்டு நாவலைக் கடைசியாகப் படிக்கவும். நாவலை முதலில் படித்தவர்கள் எது விடுபட்டது என்று ஒப்பிட்டுக்கொண்டே பார்ப்பதால் இணைப்புகளின்மீது கவனம் நிற்பதில்லை.